‘போதைதானே’ என்று விட்ட 20 நிமிடம்

அந்த ஆளை நான்கு பேர் தூக்கிக்கொண்டு கேஷுவல்டிக்குள் நுழைந்தபோது இரவு 11.30 இருக்கும். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாடை வந்து சேர்ந்துவிட்டது. "தண்ணி போட்டிருக்கான் சிஸ்டர். வீட்டுல சண்டை. வாசல்லயே விழுந்துட்டான்" என்றார் தூக்கி வந்தவர்களில் ஒருவர். கூப்பிட்டால் முனகினார், கை காலை அசைத்தார். அன்றைக்குப் பார்த்து நெஞ்சுவலியோடு ஒருவர், மூச்சிரைப்போடு ஒரு குழந்தை, பைக்கில் இருந்து விழுந்த இரண்டு பையன்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நோட்டில் ‘மது வாடை’ என்று எழுதினேன். குழந்தையிடம் போய்விட்டேன்.

20 நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் தலையணை நனைந்திருந்தது. வாந்தி என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் வாந்தி இல்லை, எச்சில். வாயோரத்தில் நூல் பிடித்ததுபோல் ஒழுகிக்கொண்டே இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருந்த மனிதருக்கு அவ்வளவு வியர்வை. டார்ச் அடித்தேன். கண்மணி இரண்டும் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் ஏதோ நெளிவதுபோல் தசை துடித்தது. மது வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. அது முதலிலேயே இருந்திருக்கும். என் மூக்கு முதல் வாடையோடு நின்றுவிட்டது.

டியூட்டி டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபின் போனது, மூச்சுக்குக் குழாய் போட்டார்கள், ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். வாந்தி ஏற்கெனவே நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. நான்காம் நாள் போய்விட்டார். அந்த 20 நிமிடத்தால்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன், உள்ளே போன அளவு அதிகம். ஆனால் அதற்குப் பிறகு ‘மது வாடை’ என்று நோட்டில் எழுதும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கும். நின்றால் நல்லதுதான். அந்த நொடியில் டார்ச்சை எடுப்பேன்.

பல வருடம் விஷம் குடித்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் இருந்தவள் நான். பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றுக்கும் நம் மொழியில் ‘மருந்து’ என்றே பெயர். "மருந்து குடிச்சிட்டார்" என்று சொன்னால் என்ன மருந்து என்று யாரும் கேட்பதில்லை, புரிந்துவிடும். அப்படி வருபவர்களில், முக்கியமாக ஆண்களில், மது குடித்துவிட்டு வருபவர்கள் எவ்வளவு பேர் என்பது இந்த வார்டில் நின்றால்தான் தெரியும். அவர்களைப் பார்த்துக்கொண்டதில் கற்றதை, தப்பு செய்து கற்றதையும் சேர்த்து, எழுதி வைக்கத் தோன்றியது. டாக்டர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. வீட்டில் ஒருவர் இப்படி விழுந்து கிடக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கும், புதிதாக வார்டுக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கும்தான் இது.

முதலில் இந்த விஷம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்று ஒரு பெரிய குடும்பம். நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி அனுப்பப் பயன்படுத்துவது அசிட்டைல்கோலின். செய்தி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்தெடுக்கும் நொதி கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். துடைக்க ஆள் இல்லை, செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அதனால் எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர், பேதி என்று உடம்பில் ஒழுகக்கூடியது எல்லாம் ஒழுகும். நுரையீரலுக்குள்ளும் நீர் சுரக்கும். கார்பமேட் வகை மருந்துகளும் இதையே செய்யும், ஆனால் பொதுவாகச் சீக்கிரம் விட்டுவிடும்.

இனி அதைப் போதையோடு வைத்துப் பாருங்கள். போதையில் நாக்கு குழறும், நடை தள்ளாடும், வாந்தி வரும், கடைசியில் அசந்து தூங்குவார். விஷத்திலும் அதே நான்கும் நடக்கும். வீட்டில் பார்ப்பவர்கள் "போதைதானே, தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பயிற்சி பெற்ற நானே அப்படித்தானே விட்டேன்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், ஈரத்தில். வெறும் போதையில் இருப்பவர் தலையணையை நனைக்கிற அளவுக்கு எச்சில் விடமாட்டார். கண்மணி குண்டூசி முனைபோல் சுருங்குவது மதுவின் வேலை இல்லை. தசை தானாகத் துடிப்பதும் இல்லை. மூச்சு விடும்போது தொண்டையிலும் மார்பிலும் ஹுக்கா இழுப்பதுபோல் களகள என்று சத்தம் வந்தால் அது குறட்டை இல்லை. குறட்டை என்று நினைத்து விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். "நல்லாக் குறட்டை விட்டுத்தான் தூங்கினாரு சிஸ்டர், அதான் எழுப்பல" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவரிடம் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இந்த அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் விஷம் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில மருந்துகள் உடம்புக்குள் போய் மாறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும், அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் சந்தேகம் வந்தாலே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெறும் போதை என்று தெரிந்தால் திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான்.

மது சேர்ந்தால் விஷம் ஏறுமா, இறங்குமா என்ற கேள்வி வார்டில் அடிக்கடி வரும். சாராயம் விஷத்தை முறிக்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு, இரண்டும் சேர்ந்தால் ஆள் தேறமாட்டார் என்று முன்கூட்டியே கை கழுவுகிறவர்களும் உண்டு. இதை ஒழுங்காக ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்தைக் குடித்து வந்தவர்களின் ரத்தத்தில் மதுவின் அளவையும் மருந்தின் அளவையும் சேர்த்து அளந்த ஆய்வு 2009இல் வந்தது. மது குடித்திருந்தவர்களின் ரத்தத்தில் டைமெத்தோயேட்டும் கூடுதலாக இருந்தது. குழாய் போட வேண்டி வந்ததும், இறந்ததும் அவர்களில்தான் அதிகம். ஆனால் உள்ளே போன மருந்தின் அளவைக் கணக்கில் கொண்டு மறுபடி பார்த்தபோது, மது தனியாக இறப்பைக் கூட்டியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எங்கள் டாக்டர் ஒருவர் இதை விளக்கிச் சொன்னபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மது நேராக விஷத்தோடு கூட்டுச் சேர்ந்து ஆளைக் கொல்வதைவிட, கையைத் தடுக்க வேண்டிய பயத்தை முதலில் எடுத்துவிடுகிறது. தெளிவாக இருக்கிற மனிதருக்கு அந்த நாற்றமும் எரிச்சலும் பயமும் சேர்ந்து கையை நிறுத்தும். போதையில் இருப்பவருக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. அதனால் உறவினர்கள் "கொஞ்சம்தான் சிஸ்டர், ஒரு வாய்தான்" என்று சொன்னாலும், ஆள் போதையில் இருந்தார் என்றால் நான் அந்த ‘ஒரு வாயை’ நம்புவதே இல்லை. அளவு கூடுதலாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குவேன்.

படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் எனக்கு மதுவால் வருகிற இன்னொரு கெடுதலும் கண்ணுக்குத் தெரியும். தொண்டையில் எதுவும் தப்பிப் போனால் இருமி வெளியே தள்ளுகிற அனிச்சைச் செயலைப் போதை மழுங்கடித்துவிடும். விஷம் வாந்தியைக் கிளப்பும். இரண்டும் சேர்ந்தால் வாந்தி நேராக நுரையீரலுக்குள். பூச்சிமருந்துப் பாட்டிலில் இருப்பது மருந்து மட்டும் இல்லை, அதைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய் மாதிரியான கரைப்பானும்தான். அது நுரையீரலுக்குள் போனால் அதுவே தனியாக ஒரு புண்ணாக்கிவிடும்.

அதனால்தான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: வீட்டில் வைத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், தொண்டைக்குள் விரல், எதுவும் வேண்டாம். போதையில் இருப்பவருக்கு இதைச் செய்வது இன்னும் மோசம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். சட்டை, வேட்டி, கால்சட்டை எதில் மருந்து பட்டிருந்தாலும் கழற்றிவிடுங்கள், தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும், தோல் வழியாகவும் இது ஏறும். கழற்றிய துணியை ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். அப்புறம் வண்டியில் வரும்போது பின்சீட்டில் உட்கார வைத்துத் தலை தொங்கத் தொங்க அழைத்து வருகிறார்கள். ஒருக்களித்தே கொண்டு வாருங்கள். ஒருவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே வரட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதல் சண்டை எப்போதும் வயிறு கழுவுவது பற்றித்தான். "வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் வயித்தக் கழுவல" என்று சத்தம் போடுவார்கள். அவர்களுக்கு அதுதான் வைத்தியம். குடித்துச் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வந்து, மூச்சுப்பாதை பாதுகாப்பாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டிய வேலை அது. போதையில் முரண்டு பிடிக்கிற ஆளை நான்கு பேர் அமுக்கிக்கொண்டு குழாயை இறக்கினால், விஷம் வயிற்றில் இருந்து வெளியே வருவதைவிட நுரையீரலுக்குள் போகிற வாய்ப்பு அதிகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி அமுக்கிப் பிடித்த கைகளில் என் கையும் உண்டு. இப்போது பிடிக்க மாட்டேன், டாக்டரிடம் கேட்டுவிடுவேன், "சார், ஏர்வே பார்த்துட்டுப் போடலாமா?" என்று. பெரும்பாலும் அவர்களும் நிறுத்தி யோசிப்பார்கள்.

உயிரைக் காப்பது அட்ரோபின்தான். முதல் ஊசி போட்டு 5 நிமிடம் பார்ப்பார்கள், போதவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்குவார்கள், மறுபடி 5 நிமிடம். எங்கே நிறுத்துவது என்பதற்கு அடையாளம் உண்டு: மார்பில் சத்தம் அடங்க வேண்டும், நாடி 80க்கு மேல் வர வேண்டும், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80ஐத் தாண்ட வேண்டும், கண்மணி குண்டூசி நிலையில் இருந்து விரிய வேண்டும், அக்குள் காய வேண்டும். இதில் அக்குள் நர்ஸின் வேலை. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அக்குளைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு இரவில் ஒருவருடைய அக்குளை நாற்பது தடவை தொட்டிருக்கிறேன். வேறு எந்த வேலையிலும் இப்படி ஒரு கதி இருக்காது.

இந்த நேரத்தில் குடும்பத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ‘குடித்திருக்கிறாரா?’ என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், அல்லது "எப்பவாவது" என்பார்கள். மானம் ஒரு காரணம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயம் ஒரு காரணம். அதனால் நான் கேட்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். தனியாக அழைத்துப்போய், "அம்மா, ஒருநாள் குடிக்காம இருந்தா இவருக்குக் கை நடுங்குமா?" என்று கேட்பேன். இதற்கு யாரும் பொய் சொன்னதில்லை. "ஆமா சிஸ்டர், காலைல டம்ளரைப் பிடிக்கவே முடியாது" என்று உடனே வரும். அந்தப் பதில்தான் மூன்றாம் நாளுக்கான எச்சரிக்கை. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இன்னொன்று, பாட்டிலைக் கொண்டு வாருங்கள் என்று சொல்வோம். ஒருமுறை மதுப் பாட்டிலைக் கொண்டு வந்தார்கள். "இது இல்லம்மா, மருந்துப் பாட்டில்" என்றேன். "இதுலதான் சிஸ்டர் மருந்து இருந்துச்சு" என்றார் அவருடைய மகள். மிச்சமிருந்த களைக்கொல்லியைப் பழைய மதுப் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். இரவில் ஏற்கெனவே குடித்துவிட்டு வந்தவர் கையில் அது கிடைத்திருக்கிறது. சாக நினைத்துக் குடித்ததே இல்லை. பாட்டிலில் லேபிள் இல்லை, என்ன களைக்கொல்லி என்று சொல்ல ஆள் இல்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியில் இப்படித் தவறுதலாகக் குடிப்பவர்கள் இருந்ததால்தான் அதற்கு நிறம் சேர்த்தார்கள், நாற்றம் சேர்த்தார்கள், வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்தார்கள். போதையில் இருக்கிற மூக்குக்கு நாற்றம் என்ன செய்யும்? பாராகுவாட் குடித்தவர் முதல் நாள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், நாட்கள் போகப் போக நுரையீரல் இறுகிக்கொண்டே வரும். மூச்சுத் திணறுகிறதே என்று ஆக்சிஜனைத் தாராளமாக வைத்தால் அந்த விஷத்துக்கு அது தீனி, ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால்தான் கொடுப்பார்கள். அதனால் எந்த மருந்து என்று தெரிவது வெறும் சம்பிரதாயம் இல்லை, வைத்தியமே மாறும். மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள். இதை ஆயிரம் முறை சொல்லியாயிற்று, இன்னொரு முறை சொல்வதில் குறைந்துவிட மாட்டேன்.

தெளித்துவிட்டு வந்து குடிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடக்க, வாந்தியோடு வந்தார். "ரெண்டு கிளாஸ்தான், எனக்கு இப்படி ஆனதே இல்லை" என்றார். அன்று பகலில் திராம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கையாண்டிருக்கிறார். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கிற டைசல்பிராம் மாத்திரைக்கு அது நெருங்கிய உறவு. உடம்பில் அது இருக்கும்போது மது போனால் மாத்திரை போட்டுவிட்டுக் குடித்தவர் கதிதான். அவர் ஒரு நாள் இருந்துவிட்டுத் தேறி வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் முதலில் பூச்சிமருந்து விஷம் என்று நினைத்தோம். ஆனால் கண்மணி சுருங்கவில்லை, எச்சிலும் இல்லை. டார்ச்சும் தலையணையும்தான் அங்கேயும் உதவின.

ரத்தப் பரிசோதனைகளிலும் மது குறுக்கே வரும். மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் சர்க்கரை பாருங்கள், சாப்பிடாமல் குடித்தவருக்கு அது விழுந்திருக்கலாம். குளுக்கோஸ் கொடுக்கும்போது நெடுநாள் குடிகாரர் என்றால் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். அப்புறம் கோலினெஸ்டரேஸ் அளவு. ரத்தநீரில் பார்க்கிற கோலினெஸ்டரேஸ் கல்லீரலில் உற்பத்தியாவது. குடியால் கல்லீரல் கெட்டவருக்கு விஷமே இல்லாமலும் அது குறைவாக இருக்கும். எண் குறைந்ததைப் பார்த்துக் குடும்பத்தார் கலங்கிப் போவார்கள், எண் ஏறுவதைப் பார்த்து ஆள் தேறிவிட்டார் என்று துள்ளுவார்கள். இரண்டுமே அவசரம். எனக்கு அந்தத் தாளைவிட அக்குள் மேல் நம்பிக்கை அதிகம்.

இப்போது மூன்றாம் நாள்.

இன்னொருவர், நாற்பது வயதுக்குள் இருப்பார். முதல் இரண்டு நாள் நன்றாகத் தேறி வந்தார். வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் இரவு படுக்கை விரிப்பைப் பிய்க்கத் தொடங்கினார். "பூச்சி பூச்சி" என்றார். டிரிப்ஸைப் பிடுங்கினார். அவர் மனைவி பயந்து மூலையில் நின்றார். கூட இருந்த புது நர்ஸ் பெண், "அக்கா, அட்ரோபின் ஜாஸ்தியாயிடுச்சுபோல, நிறுத்திடலாமா?" என்றாள். கேள்வி நியாயமானது. அட்ரோபின் கூடினாலும் ஆள் இப்படித்தான் பிதற்றுவார், விரிப்பைப் பிய்ப்பார், இல்லாததைப் பார்ப்பார்.

ஆனால் இந்த இடத்தில் மூன்று விஷயங்கள் ஒரே வாசலில் வந்து நிற்கும். ஒன்று அட்ரோபின் மிகை. இரண்டு, மது நின்றுபோனதால் வருகிற பிதற்றல். தினமும் குடிப்பவருக்குக் கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிற முழு பிதற்றல். மூன்றாவது, ஆர்கனோபாஸ்பேட்டே 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கொடுக்கிற இரண்டாவது அடி. தசைகள் சோர்ந்து, மூச்சு மெல்லக் குறைந்து நின்றுவிடும். இதை 1987இல் இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் தனி நோய்க்கூறாக விவரித்து எழுதினார்கள், இடைநிலைக் கோளாறு என்பார்கள். மூன்றுக்கும் நாள் கணக்கு ஒன்றாகவே இருப்பதுதான் கொடுமை.

தொட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். அட்ரோபின் கூடினால் உடம்பு காய்ந்து சுடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், கண்மணி விரிந்திருக்கும், வயிற்றில் ஸ்டெத் வைத்தால் குடல் சத்தமே கேட்காது, சிறுநீர் கட்டிக்கொண்டு அடிவயிறு உப்பியிருக்கும். மது நின்றதால் வருகிற பிதற்றலில் உடம்பு நனைந்திருக்கும், கை நடுங்கும், ரத்த அழுத்தம் ஏறும், குடல் சத்தம் கேட்கும். அன்று அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை, கையை நீட்டச் சொன்னால் விரல்கள் ஆடின. விஷம் திரும்பி வந்துவிட்டதோ என்றுதான் முதலில் பயம். ஆனால் மார்பில் சத்தம் இல்லை, எச்சில் இல்லை, கண்மணியும் சுருங்கவில்லை. முதல் நாளே அவர் மனைவியிடம் டம்ளர் கேள்வியைக் கேட்டு, கேஸ் ஷீட்டின் மேலேயே ‘தினக்குடி, காலையில் நடுக்கம்’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். டாக்டர் அதைப் பார்த்தார், ஆளை அமைதிப்படுத்தும் டயஸெபாம் போட்டார், ஆள் அடங்கினார்.

அடங்கிய பிறகுதான் என் வேலை கூடியது. டயஸெபாம் மூச்சையும் கொஞ்சம் அமுக்கும், அதே நேரம் இடைநிலைக் கோளாறு வருகிற நாளும் அது. தூங்குகிறாரா, மூச்சு தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு, மெஷின் எதுவும் தேவையில்லை. "தலையைத் தூக்குங்க" என்று சொல்வேன். தலையணையில் இருந்து தலையைத் தூக்கி ஐந்து எண்ணும் வரை பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். கழுத்துத் தசைதான் முதலில் சோரும். நேற்றுத் தூக்கினவர் இன்று தூக்க முடியாமல் முகத்தைச் சுளித்தால், மூச்சு இன்னும் நன்றாக இருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சில மணி நேரத்தில் வென்டிலேட்டர் தேவைப்படலாம். முன்பே தெரிந்தால் பதற்றமில்லாமல் குழாய் போடலாம். குழாய் போடும்போது தசையைத் தளர்த்த வழக்கமாகக் கொடுக்கிற சக்சமெத்தோனியம் இவர்களிடம் நெடுநேரம் நிற்கும் என்பதும் அப்போது நிதானமாக நினைவுக்கு வரும்.

குடிகாரர் சொன்னதைச் செய்யவில்லை என்றால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போவது எங்களிடம் ஒரு பழக்கம். தலையைத் தூக்கச் சொல்லித் தூக்காதவரை அப்படி எழுதக் கூடாது. தூக்க முடியவில்லையா, தூக்க மாட்டேன் என்கிறாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அடம் பிடிப்பவரும் இருமும்போது தலையைத் தூக்குவார். இதே காரணத்துக்காக, போதை தெளியும் முன் "நான் வீட்டுக்குப் போறேன், எழுதித் தரேன்" என்று சொல்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்புவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டது அவர் இல்லை.

எங்கள் ஆளுக்கு நான்காம் நாள் கழுத்து சோர்ந்தது. ஆறு நாள் வென்டிலேட்டர். குழாய் எடுத்த மறுநாள் கரகரத்த குரலில் என்னிடம் கேட்டார், "சிஸ்டர், எனக்கு என்ன ஆச்சு? ஆக்சிடென்டா?"

அவருக்கு நினைவே இல்லை. சண்டை போட்டது நினைவிருக்கிறது, இரண்டாவது பாட்டில் நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதிகமாகக் குடித்தால் அந்த நேரத்து நினைவு பதியாமலே போவது உண்டு. நான் சொல்லவில்லை, டாக்டர் வந்து மெதுவாகச் சொன்னார். அவர் நம்பவில்லை. மனைவியைப் பார்த்தார். மனைவி தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

குடித்துவிட்டுச் செய்ததுதானே, தெளிந்ததும் சரியாகிவிட்டார், மனநல டாக்டர் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். தெளிந்த பிறகுதான் வேண்டும். போதையில் செய்ததை ‘விளையாட்டு’ என்று தள்ளினால் அடுத்த போதையில் அதே இடத்துக்கு வருவார். அன்று மாலை அவரிடம் நேராகவே கேட்டேன், "இப்ப சாகணும்னு தோணுதா அண்ணே?" அப்படிக் கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டால் ஆட்களுக்குப் பாரம்தான் குறைகிறது. அவர், "தோணல. ஆனா குடிச்சா என்ன பண்ணுவேன்னு தெரியல" என்றார். மனநல டாக்டரிடம் அதை அப்படியே சொல்லச் சொன்னேன். குடியை நிறுத்தும் சிகிச்சையும் மன அழுத்தத்துக்கான சிகிச்சையும் ஒன்றாகவே தொடங்கினார்கள்.

மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மருந்தைப் பூட்டி வச்சிடட்டுமா?" பூட்டுவது நல்லதுதானே என்றுதான் நானும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இலங்கையில் 180 கிராமங்களில், பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது, மருந்து குடிப்பது அதனால் குறையவில்லை. யோசித்தால் புரிகிறது, சாவி யாரிடம் இருக்கிறது? அதே நாட்டில் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்தபோது தற்கொலை இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. போதையில் ஒரு கை நீளும்போது அந்தக் கைக்கு எட்டுவது எது என்பதுதான் விஷயம். அதனால், "பூட்ட வேண்டாம்மா, வீட்டிலேயே வைக்க வேண்டாம்" என்றேன். அவர் அன்றே தம்பியிடம் சொல்லி இருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்துப்போகச் சொன்னார். இனி தேவைப்பட்டால் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் தம்பியே கொண்டு வருவதாக ஏற்பாடு.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில் கையெழுத்து வாங்கத் தாளோடு அவர் படுக்கைக்குப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, தலையணையில் இருந்து தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று அவரே எண்ணினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.